பதினான்காம் வீடியோ

முதல் ஒன்பது நாள் நான் அந்த வீடியோக்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

நான் பதினோரு வருடம் டெஸ்டராக இருந்தவள். மற்றவர்கள் வெப்சைட் கட்டுவார்கள். நான் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்து, எது எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புவேன். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்னபோது என் கணவர், "ஊட்லயும் அதான் செய்யற, இங்க ஃப்ரீ" என்றார். அவர் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், லிஃப்ட் மெக்கானிக். நான் ஆரணிப் பக்கத்திலிருந்து வேலைக்காக பெங்களூருக்கு வந்து, அவரைக் கட்டிக்கொண்டு, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியேறியவள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் கையால் டெஸ்ட் செய்வது கிடையாது, அதை மெஷினே பார்த்துக்கொள்ளும், எங்கள் டீமைக் கலைக்கிறார்கள் என்றார். எனக்கு ஆறு வாரம் தருவார்கள். அதற்குள் கம்பெனியின் ஃபிரேம்வொர்க்கைக் கற்றுக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் புதிதாக ஒரு பக்கம் செய்து, ரிவ்யூவில் காட்ட வேண்டும். நன்றாக வந்தால் வெப்சைட் கட்டுகிற டீமில் சேர்த்துக்கொள்வார்கள்.

"வரலேன்னா சார்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் மேடம்" என்றார். அவர் கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசிப் பார்ப்பார்.

எங்கள் ஆபீஸில் 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சின்ன அறைக்குக் கூப்பிடுவார்கள். மேஜைமேல் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பெட்டியும் தயாராக இருக்கும். முப்பத்தொன்பது வயதில் கையால் டெஸ்ட் செய்ய மட்டும் தெரிந்த ஒருத்தியை வேறெங்கே எடுப்பார்கள்? எனக்குப் பயமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், எதிலிருந்து படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"டென்ஷன் பேடா, வேணாம் மேடம். எல்லாம் வீடியோல இருக்கு."

ஃபிரேம்வொர்க் என்பது ஒன்றும் ரகசியமில்லை. வெப்சைட்டை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கட்டாமல் இருக்க, முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் அஸ்திவாரமும் சட்டதிட்டமும்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த ஃபிரேம்வொர்க்குகளுக்கு இணையத்தில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது, தமிழில்கூட. ஆனால் எங்கள் கம்பெனியில் யாரோ ஒரு புண்ணியவான், ஊருக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து அதன்மேல் சொந்தமாக இன்னொரு அடுக்கைக் கட்டிவைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதனால் வெளி வீடியோவில் "இப்படி எழுதினால் வரும்" என்று சொல்வது எங்களிடம் வராது. எங்கள் அடுக்குக்குப் புத்தகமும் இல்லை, குறிப்பும் இல்லை. இருந்தது இருபத்துமூன்று வீடியோ.

அவற்றுக்கு கே.டி. வீடியோ என்று பெயர். வேலையை விட்டுப் போகிறவர் கடைசி மாதத்தில், தனக்குத் தெரிந்ததையெல்லாம் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஆன்லைனில் கூட்டம் போட்டு, தன் திரையைக் காட்டி, பேசிப் பேசிச் செய்து காட்டுவார். அது அப்படியே பதிவாகும். பிறகு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எல்லாம் வீடியோவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்ட ஒரு பெண் பதிவு செய்தவை இந்த இருபத்துமூன்றும்.

லிஸ்டில் முதலில் இருந்ததைத் திறந்தேன். முகம் இல்லை, திரையும் குரலும் மட்டும். சின்ன வயசுக் குரல். "இதையெல்லாம் ஏற்கெனவே விரிவாகப் பார்த்துவிட்டோம், அதனால் வேகமாகப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நிஜமாகவே வேகமாகப் போனாள். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டாவதில், "நேற்று நாம் செய்து முடித்த பக்கத்தில்" என்று ஆரம்பித்தாள். எந்தப் பக்கம்? நேற்று எதுவும் செய்து முடிக்கவில்லையே! மூன்றாவதில், "நீங்கள் எல்லோரும் இப்போது பழகியிருப்பீர்கள்" என்றாள். பழகாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே ஒன்பது நாள். காலையில் ஆறு மணிக்கு, அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு கையில் சட்டினிக் கரண்டியோடு பார்ப்பேன். ஆபீஸ் போகிற நாட்களில் பஸ்ஸில் போனில் பார்ப்பேன். ஒவ்வொரு வீடியோவும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நம்பியே நின்றது, அந்த ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று மட்டும் கிடைக்கவில்லை. என் மூளையில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். ஒன்பதாம் நாள், ஏதோ ஒரு கோபத்தில் லிஸ்டின் அடியில் கிடந்த ஒன்றைத் திறந்தால், "எல்லோருக்கும் குட் மார்னிங், இன்று முதல் நாள், மெதுவாகத் தொடங்கலாம்" என்கிறாள் அந்தப் பெண்!

லிஸ்டில் புதிது மேலே, பழையது கீழே. அவ்வளவுதான் விஷயம். டெஸ்டருக்கு இதைவிட அவமானம் கிடையாது. வரிசை சரியா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். இந்தத் தப்பை வேறு யாராவது செய்திருந்தால் சிவப்பு எழுத்தில் எழுதி நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். யாரிடமும் மூச்சு விடாமல் முதல் வீடியோவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

சரியான வரிசையில் பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். புரியவில்லை. தலைகீழாகப் பார்த்தபோது குழம்பியதற்கு ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அவள் மோசமாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். பொறுமையான பெண். ஆனால் முக்கியமான வார்த்தை வருகிற நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடிக்கும். அவள் வீட்டுத் தெருவில் கீரை விற்பவர் "சொப்பு... சொப்பே..." என்று கூவிக்கொண்டு போவார். ஆறாவது வீடியோவில் ஒரு வாக்கியம் முழுக்க அந்தக் கீரையில் போய்விட்டது. பதினோரு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டும் எனக்குக் கொத்தமல்லி மட்டும்தான் கேட்டது. வேறொரு ஜன்னலில் எழுதி வைத்திருக்கும் வரிகளை எடுத்து ஒட்டிவிட்டு, "இது எப்போதும் போல" என்று தாண்டிவிடுவாள். எனக்கு எதுதான் எப்போதும் போல? "இதை அப்புறம் சொல்கிறேன்" என்று சொன்ன இடங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். நாற்பது ஆனதும் குறிப்பதை விட்டுவிட்டேன்.

அவள் தமிழ்ப் பெண் என்பது நாலாவது வீடியோவில் தெரிந்தது. ஏதோ ஒன்று வராமல் போனதும் தன்னை மறந்து, "ஐயோ, எங்க போச்சு இது, இப்பதான இருந்துச்சு" என்று முணுமுணுத்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகு அவள் விளக்கத்தைவிட முணுமுணுப்பைத்தான் கவனமாகக் கேட்டேன். எங்கே "ஐயோ" வருகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். பக்கம் என்று நாம் பார்ப்பது பக்கமே இல்லை, துண்டுகள். பெரிய துண்டுக்குள் சின்னத் துண்டு, அதற்குள் இன்னும் சின்னது. மேலே இருக்கிற துண்டு கீழே இருப்பதற்குச் செய்தி சொல்லலாம். கீழே இருப்பது மேலே நேராகச் சொல்லக் கூடாது. ஏன் கூடாது என்று இரண்டு வீடியோ முழுக்க விளக்கினாள். நான் அதை என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன், சொன்னால் எனக்கே புரியும் என்று.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "லிஃப்ட்ல கீழ நின்னு பட்டன் அழுத்தினாலும்தான் வருது. உன்துல இன்னா, மேல கீறவன் மட்டும்தான் பேசுவானா?"

"ஆமாங்க."

"அப்பொ கீழ மாட்டிக்கினவன் கதி?"

நான் நோட்டைப் புரட்டுவதற்குள் அவருக்கு ஆபீஸிலிருந்து போன் வந்து, கிளம்பிப் போய்விட்டார்.

நான் செய்ய வேண்டிய பக்கம் ரொம்பச் சாதாரணமானது. வாடிக்கையாளரின் பெயர் மேலே, அவர் கொடுத்த புகார் கீழே, 'அடுத்தவர்' என்று ஒரு பட்டன். நாலாவது வாரக் கடைசியில், வீடியோவைப் பார்த்துப் பார்த்து, வரி வரியாக ஒட்டுப்போட்டு, எப்படியோ அது திரையில் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஓடிப் போய் யாரும் இல்லாத ஹாலைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? 'அடுத்தவர்' பட்டனை அழுத்தினேன். புகார் மாறியது. பெயர் மாறவில்லை. முந்தின ஆளின் பெயர் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொரு தடவை அழுத்தினால் பெயர் வரும், ஆனால் அதற்குள் புகார் அதற்கடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒருவர் புகாருக்கு இன்னொருவர் பெயர். இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. எத்தனையோ பேருக்கு இதே மாதிரிப் பிழைகளை எழுதி அனுப்பி, 'சுலபமாகச் சரிசெய்யக் கூடியது' என்று குறிப்பு வேறு போட்டு, சாயங்காலத்துக்குள் ஏன் செய்யவில்லை என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் முகங்கள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

நாலு நாள் அதனோடு மல்லுக்கட்டினேன். ஒரு வரியை மாற்றினால் பெயர் வரும், புகார் காணாமல் போகும். இன்னொன்றை மாற்றினால் இரண்டும் போய்ப் பக்கமே வெள்ளையாகிவிடும். என்ன செய்தேன், ஏன் அப்படி ஆனது என்று எனக்கே தெரியவில்லை. ரிவ்யூவுக்கு எட்டு நாள் இருந்தது. மறுபடியும் வீடியோக்களுக்கே போனேன். இந்தத் தடவை எதையும் ஓட்டாமல், ஒவ்வொன்றையும் கடைசி நொடி வரை பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதுவரை முடிவுகளைப் பார்த்ததில்லை. எல்லா வீடியோவும் ஆளுக்கொரு தேங்க் யூ சொல்லித்தான் முடியும் என்பதால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னாடியே மூடிவிடுவேன்.

பதினான்காம் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் அந்தப் பெண் ஒரு பக்கத்தைத் திறந்தாள். மேலே பெயர், கீழே விவரம். பட்டனை அழுத்தினாள். விவரம் மாறியது, பெயர் மாறவில்லை! என் பிழை, அச்சாக என் பிழை! நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் ஒரு வரியை எடுத்து ஒட்டினாள். எல்லாம் சரியாக வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டாள். மறுபடி பிழை வந்தது.

வீடியோவை நிறுத்தி, அந்த வரியை எழுத்துக்கு எழுத்து என் பக்கத்தில் போட்டேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. மறுபடி ஓடவிட்டேன்.

"இந்த வரி ஏன் வேண்டும், எந்தெந்த இடத்தில் எப்படி மாற்றிப் போட வேண்டும் என்பதுதான் இந்த ஃபிரேம்வொர்க்கிலேயே குழப்பமான இடம்" என்றாள் அவள். "எனக்கே இது பிடிபட மூன்று மாதம் ஆனது. இதற்காக ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். காட்டட்டுமா, இல்லை, எல்லோருக்கும் கிளியரா? டெஸ்டிங் டீம்? ஏதாவது டவுட்?"

காட்டு, காட்டு என்று நான் லேப்டாப்பைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

திரையின் ஓரத்தில் கூட்டத்தில் இருப்பவர்களுக்காக ஆறு வட்டங்கள் இருந்தன. முகங்கள் கிடையாது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெயரின் முதலெழுத்து மட்டும். யாரும் பேசவில்லை. பிறகு ஒரு வட்டத்தைச் சுற்றி வெளிச்சம் வந்தது. ஒரு பெண் குரல், அவசர அவசரமாக: "நோ டவுட்ஸ், நோ டவுட்ஸ். வெரி கிளியர். வெரி யூஸ்ஃபுல் செஷன். தேங்க் யூ ஸோ மச்."

"ஓ" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஓகே. குட்" என்றாள். அதோடு வீடியோ முடிந்துவிட்டது. பதினைந்தாவது வேறு விஷயம். அந்தப் படம் எந்த வீடியோவிலும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் இந்தப் பிரகஸ்பதி? மூன்று மாதம் பிடிபடாதது இந்த அம்மாளுக்கு மட்டும் ஒரே நிமிடத்தில் கிளியர் ஆகிவிட்டதாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? திட்டுவதற்காகவே இன்னொரு தடவை ஓடவிட்டேன். அப்போதுதான் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த சத்தம் காதில் விழுந்தது. வளையல் சத்தம். நிறைய வளையல். பெண்கள் சிரிப்பு. யாரோ ஒரு அம்மாள் உரக்க, "ஏய், புளிசாதத்த எட்து வைங்கடி மொதல்ல" என்கிறாள்.

அது என் நாத்தனாரின் சின்ன மாமியார். அந்த வட்டத்தில் இருந்தது என் பெயரின் முதலெழுத்து.

அல்சூரில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்த நாள் அது. அரை நாள் லீவு போட்டிருந்தேன். ஆனால் கே.டி. கூட்டத்துக்கு டெஸ்டிங் டீமிலிருந்து ஒருவராவது வந்தே ஆக வேண்டும், யார் வந்தார்கள் என்ற லிஸ்ட் மேனேஜருக்குப் போகும். அதனால் போனை இடுப்பில் செருகி, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, அதைப் பூவால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பின் ஒருவராக வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முந்தினவள் எழுந்துவிட்டாள், சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்துவிட்டது, காதில் யாரோ டவுட்டா டவுட்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஆபீஸ் கூட்டங்களில், யாராவது ஒருவர் கிளியர் என்று சொன்னால்தான் மற்றவர்கள் எழுந்து போக முடியும். சொல்கிறவரை மற்ற எல்லோரும் மனதுக்குள் வாழ்த்துவார்கள். நான் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, நாத்தனார் கைக்கு வளையல் போட்டேன். என்ன கூட்டம், யார் பேசியது, எதைப் பற்றி என்று எதுவும் அன்றைக்குச் சாயங்காலம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

கணவர் வந்ததும் போட்டுக் காட்டினேன். அவர் புளிசாதம் வரும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் கொரல் உனுக்கே தெர்லியா?" என்றார்.

"சிரிக்காதீங்க. என் வேலை போவப் போவுது."

"போவாது வுடு" என்றார். எப்படிப் போகாது என்று அவருக்கும் தெரியாது. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தேதான் பேசவில்லை.

அந்தப் பெண்ணை வேலை தேடுகிறவர்கள் பதிவு செய்யும் ஒரு தளத்தில் கண்டுபிடித்து, தயங்கித் தயங்கி ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாளே நம்பர் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மொட்டை மாடியில் நின்று பேசினேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் வேறு கம்பெனியில் இருக்கிறாள்.

"அந்த வீடியோவ எல்லாம் இன்னும் பாக்கறாங்களா மேடம்?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

"நான் பாக்கறேம்மா. மூணு ரவுண்டு பாத்துட்டேன்." பிழையைச் சொன்னேன், பதினான்காம் வீடியோவைச் சொன்னேன், அந்தப் படத்தைக் கேட்டேன்.

"ஐயோ, அது பேப்பர்ல வரைஞ்சதுங்க. பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டக் காலி பண்றப்ப தூக்கிப் போட்டுட்டேன். எனக்கு அது சுத்தமா மறந்துபோச்சு மேடம். இப்ப நான் அதத் தொடறதே இல்ல. உங்க ஸ்கிரீனக் காட்டுனீங்கன்னா ஒருவேளை ஞாபகம் வரும்."

திரையைக் காட்ட முடியாது. கம்பெனி எழுதிய புரோகிராமை வெளி ஆளிடம் காட்டினால் வேலை அன்றைக்கே போய்விடும். அவளுக்கும் அது தெரியும். வாயால் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடிவிட்டு ஓய்ந்தோம்.

வைப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அன்னைக்கு வெரி கிளியர்னு சொன்னது நான்தாம்மா."

அவள் பெரிதாகச் சிரித்தாள். "புளிசாதம் நீங்களாக்கா?" மேடத்திலிருந்து அக்காவுக்கு மாறிவிட்டாள். "எனக்கு அன்னைக்கு மத்தியானம் சாப்பாடுகூட இல்ல. அதக் கேட்டதும் அப்படிப் பசிச்சுது."

"மன்னிச்சுக்கம்மா."

"அட, விடுங்கக்கா. நாலு நாளா உக்காந்து வரைஞ்சேன் அந்தப் படத்த. காட்டலையேன்னு கொஞ்சம் இருந்துச்சு. ஆனா நீங்க கிளியர்னு சொன்னதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பரவால்ல, நல்லாத்தான் சொல்லியிருக்கோம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். இங்க இன்டர்வியூலகூட அதச் சொன்னேன், கஷ்டமான எடத்த ஒரே தடவையில புரிய வெச்சேன்னு." மறுபடி சிரித்தாள். "ரிவ்யூ முடிஞ்சதும் என்னாச்சுன்னு சொல்லுங்கக்கா."

ரிவ்யூ அன்று அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேனேஜர், வெப்சைட் டீமின் தலைவர், இன்னொரு டீமிலிருந்து வந்த ஒரு சீனியர் பெண். சுவரில் பெரிய திரை. என் பக்கத்தைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். பட்டனை ஒரே ஒரு தடவை மட்டும் அழுத்தாமல் விட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பதினோரு வருடப் பழக்கம், என் கை விடவில்லை. அழுத்தினேன். ஒருவர் புகார், இன்னொருவர் பெயர்.

"இது தப்பு. ஏன்னு எனக்குத் தெரியல" என்றேன், ஆங்கிலத்தில்.

டீம் தலைவர், வீடியோவில் இது இருக்குமே என்றார். இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் விளக்கம் இல்லை என்றேன். காட்டுங்கள் என்றார்கள். பதினான்காம் வீடியோவை, அவள் படத்தைக் காட்டட்டுமா என்று கேட்கும் இடத்திலிருந்து ஓடவிட்டேன். என் குரல் அறை முழுக்கக் கேட்டது. வளையல், சிரிப்பு, புளிசாதம், எல்லாம் அந்தப் பெரிய ஸ்பீக்கரில்.

"யாரு இது?" என்று சீனியர் பெண் சிரித்தாள்.

"நான்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, உரிமையாகத்தான். நானும் சிரித்துவைத்தேன். திரையில் ஆறு வட்டங்களும் அப்படியே நின்றிருந்தன. அவற்றில் ஒன்றில் இருந்தது மேனேஜரின் முதலெழுத்து, இன்னொன்றில் டீம் தலைவருடையது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். சிரிப்பு அங்கே நின்றது. டீம் தலைவர் தண்ணீர் குடித்தார். அந்த வரி ஏன் வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேனேஜர் பெரிய திரையிலேயே முடிவுக்கான படிவத்தைத் திறந்தார். மூன்று மாத நீட்டிப்பு என்று குறித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, காரணம் என்ற கட்டத்தில் அவர் அடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி வீடியோக்கள் தெளிவாக இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி. பழைய வீடியோக்களை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

"சரி இருக்கா மேடம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடித்து எழுதுகிறவள் நான். அந்த வரியில் இருந்த பிழை எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் தெளிவாக இருந்தாள். அந்த அறையில் இருந்த எங்களில் மூன்று பேர் அன்றைக்குக் கேட்கவில்லை. அதைச் சொன்னால் அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவார்? என் பெயரை எழுதலாம். தன் பெயரை எழுதமாட்டார். மூன்று மாதம் என்ற வார்த்தை இன்னும் திரையில் இருந்தது.

"சரி சார்" என்றேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கணவருக்கு போன் செய்து சொன்னேன். "நான் சொல்லல? போவாதுன்னு" என்றார். வரும்போது வழியில் கோழி வாங்கி வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இஞ்சி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸப் வந்தது. "ரிவ்யூ என்னாச்சுக்கா?"

"மூணு மாசம் எக்ஸ்டென்ஷன் குடுத்திருக்காங்கம்மா" என்று அனுப்பினேன்.

"சூப்பர்க்கா!! ரொம்ப சந்தோஷம்" என்று உடனே பதில் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. "என் வீடியோ பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

திறந்து படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்பதற்கான இரண்டு நீலக் கோடும் அவளுக்குப் போய்விட்டது. அந்தப் பதிலை மட்டும் நான் இன்னும் அனுப்பவில்லை.